ஆற்றிடைக்குறையும் பொன்மலையும்: பெருமாள் திருமொழியில் இரு நிலமும் ஓர் அடிமையும்

குலசேகரப் பெருமாள் அருளிச்செய்த பெருமாள் திருமொழி பத்துத் திருமொழிகளும் 105 பாசுரங்களும் கொண்ட பிரபந்தம். அதன் முதல் மூன்று திருமொழிகள் கோயில் என்றே சிறப்பித்துச் சொல்லப்படும் திருவரங்கத்தைப் பற்றியன. நான்காம் திருமொழி திருமலையைப் பற்றியது. சேரர் குலத்தில் திருவவதரித்த ஆழ்வாருக்குக் காவிரி நாடும் சொந்த நாடன்று. வடவேங்கடமும் சொந்த மலையன்று. ஆயினும் இவ்விரண்டிலும் அவர் தமக்கு ஓர் இருப்பிடம் வேண்டுகிறார். ஒன்று நீர் சூழ்ந்த தாழ்நிலம்; மற்றொன்று சுனையும் சோலையும் உடைய உயர்நிலம். ஒன்றில் எம்பெருமான் பள்ளிகொண்டருளுகிறான், மற்றொன்றில் நின்றருளுகிறான். இத்தனை வேறுபட்ட இரு நிலங்களிலும் ஒரே ஆழ்வார் ஒரே ஆர்த்தியோடு குடியிருக்க ஆசைப்படுகிறார் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அவ்வாசை இரண்டிடத்தும் ஒரே வடிவம் கொள்ளவில்லை. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பது ஆராயத்தக்கது.

நான்காம் திருமொழியைப் பற்றி அண்மைக்காலத்தில் பேசுவோரும் எழுதுவோரும் பலர் ஒரு முடிவைக் கைக்கொண்டிருக்கின்றனர். குருகு, மீன், மரம், புதர், சிகரம், ஆறு, வழி, படி என்று ஆழ்வார் படிப்படியாக அறிவு குறைந்த பொருளாகத் தம்மை ஆக்கிக்கொள்ள விரும்பினார். ஆகவே அறிவொழிந்து கல்லாய்க் கிடப்பதே அடிமையின் எல்லைநிலம் என்பது அவர்கள் கொள்கை. திருவரங்கத் திருமொழிகளில் கண்டு, பாடி, அழுது, ஆடும் நிலை முதற்படி என்றும், திருமலைத் திருமொழியில் சொல்லப்படுவது அதனிலும் உயர்ந்த நிலை என்றும் அவர்கள் தரம் பிரிப்பதுண்டு. கேட்பதற்கு இது தாழ்ச்சியின் பெருமையாகவே தோன்றும். ஆனால் இதை அப்படியே ஏற்றுக்கொண்டால் சித்தாந்தத்தில் ஒரு பெரிய இடர் நேரும். ஆத்மாவின் ஸ்வரூபம் ஞானானந்தம் என்றும், பேறாவது கைங்கர்யமும் அதனால் விளையும் பகவானுடைய முகமலர்ச்சியைக் காண்கையும் என்றும் நிலைநாட்டிய மரபு, அறியாமையைப் பேறாகக் கொள்வது எங்ஙனம்? ஆகவே இரு நிலங்களின் திருமொழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வெறும் ரசனைக்காக மட்டும் அன்று. பிராப்ய நிர்ணயத்தோடும் தொடர்புடையது.

பொன்னியின் நடுவில்

முதல் திருமொழியின் பத்துப் பாசுரங்களிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: அந்த நாள் எந்நாளோ என்பதே அது. கண்கள் கண்டு களிக்கும் நாள், வாயார வாழ்த்தும் நாள், கைகள் மலர் தூவிக் கூப்பும் நாள், தலை வணங்கும் நாள் என்று ஒவ்வொரு கரணமாக ஆழ்வார் எடுத்துக் காட்டுகிறார். தரையில் விழுந்து புரளும் நாளும் அவற்றில் ஒன்று. முடிவில் திருமுற்றத்தில் அடியார்களின் பெருங்குழுவைக் கண்டு, அவர்களோடு இசைந்து கூடியிருக்கும் நாளை வேண்டுகிறார். ஆக இங்கே வேண்டப்படுவது மனிதப் பிறவியே. அதிலும் எல்லாக் கரணங்களும் குறையின்றித் தத்தம் தொழில் செய்யும் பிறவி. தனித்திருக்கும் பிறவியும் இங்கே வேண்டப்படவில்லை. கூட்டத்தோடு கூடிய வாழ்வே வேண்டப்படுகிறது.

ஆழ்வார் திருவரங்க யாத்திரைக்கு நாள்தோறும் புறப்பட்டதாகவும், அமைச்சர்கள் பாகவதர்களை எழுந்தருளப் பண்ணி, அவர்களை ஆராதிக்கும் வியாஜத்தால் யாத்திரையைத் தடுத்து வந்ததாகவும் குருபரம்பரை கூறும். எந்நாளோ என்னும் கேள்வியின் பின்னணி இவ்விருத்தாந்தத்தால் விளங்கும். இடம் தெரியும், வழி தெரியும், உடம்பும் இருக்கிறது, நாள் மட்டுமே கூடவில்லை. எனவே திருவரங்கத்து ஆர்த்தி காலத்தைப் பற்றிய ஆர்த்தியாக அமைந்தது.

இந்நிலத்தின் இயல்பை ஆழ்வார் எவ்வாறு காட்டுகிறார் என்பதையும் நோக்கவேண்டும். காவிரி மேற்கே முக்கொம்பில் பிரிந்து, தென்புறம் காவிரியாகவும் வடபுறம் கொள்ளிடமாகவும் ஓட, இடையே அமைந்த மேட்டுநிலம் திருவரங்கம். பெரிய பெருமாள் அரவணைமேல் தென்திசை நோக்கிக் கண்வளர்ந்தருள, காவிரி தன் அலைகளையே கைகளாகக் கொண்டு திருவடி வருடுவதாக ஆழ்வார் முதற் பாசுரத்திலேயே அருளிச்செய்தார். மீன் மிகுந்த வயலும் சோலையும் பின்னர் வருகின்றன. ஆற்றிடைக்குறையில் கைங்கர்யம் முன்னமே நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நியமிக்கப்பட்டது நதி. ஆழ்வார் அந்த நதியாகத் தாம் ஆகவேண்டும் என்று இங்கே ஓரிடத்தும் கேட்கவில்லை என்பது மிகவும் கவனிக்கத்தக்கது. மலையில் ஆறாகப் பாய ஆசைப்படுபவர், உலகறிந்த பேராறு திருவடி வருடும் இடத்தில் அப்படி ஆசைப்படவில்லை. நதிக்கு அதன் பணி உண்டு. வந்து சேரும் சேதனனுக்குக் கண்ணும் வாயும் கையும் தலையும் உண்டு. சயனித்திருப்பவனை அணுகிச் சென்று கண்டு, எழுப்பி, வாழ்த்த வேண்டியது சேதனன் பணி.

இரண்டாம் திருமொழி இதையே மேலும் கொண்டுசெல்கிறது. கண் பெற்றதன் பயன் அரங்கன் அடியார்களின் கூட்டத்தைக் காண்கையே என்று அது தொடங்குகிறது. அடியார்களின் திருவடித்தூளியில் ஆடப்பெற்றால் கங்கை நீராட்டத்தில் வேட்கை ஏன் என்கிறது அடுத்த பாசுரம். அதற்கடுத்த பாசுரத்தில், அடியார்கள் சிந்தும் கண்ணீரால் திருமுற்றம் சேறாக, அச்சேற்றையே ஆழ்வார் தம் முடியில் அணிய விரும்புகிறார். முடிசூடிய மன்னர் சேற்றைச் சூட விரும்பும் இவ்விடம் பலராலும் எடுத்துக் காட்டப்படுவது. ஆனால் இது நிலத்தோடு பொருந்திய வாக்கு என்பது அத்தனை சொல்லப்படுவதில்லை. வண்டல் படிந்த ஆற்றங்கரையில் வாழ்பவர்க்குச் சேறு அன்றாடப் பொருள். பயிர் விளைவதும் அதில்தான். காவிரி செய்யும் சேற்றில் நெல் விளையும். கண்ணீர் செய்யும் சேற்றில் பாகவத சேஷத்வம் விளைந்தது. தாழ்நிலத்தின் சொத்தாகிய சேற்றையே ஆழ்வார் அந்நிலத்தின் பேறாகக் கொண்டார்.

மலையின்மேல்

நான்காம் திருமொழிக்கு வந்தால் எந்நாளோ என்னும் கேள்வி மறைந்துவிடுகிறது. அதன் இடத்தில் ஆக்கத்தைக் குறிக்கும் வினைகளே பாசுரந்தோறும் நிற்கின்றன. கோனேரியில் வாழும் குருகாகப் பிறத்தல், சுனையில் மீனாகப் பிறத்தல், திருவேங்கடமுடையான் வாய்நீர் உமிழும் பொன்வட்டிலை ஏந்தி உட்புகுதல், செண்பகமாய் நிற்றல், தம்பகமாய் நிற்றல், பொற்சிகரமாதல், கானாறாய்ப் பாய்தல், வழியாய்க் கிடத்தல், வாசற்படியாய்க் கிடத்தல், இறுதியில் ஏதேனும் ஆதல் என்பன அவ்வேண்டுகோள்கள். திருவரங்கத்தில் கேட்டது நாள். திருமலையில் கேட்பது வடிவு.

வேண்டுகோள்கள் பலவற்றுக்கு முன் ஆழ்வார் வேண்டாம் என்று தள்ளும் ஒரு செல்வம் சொல்லப்படுகிறது. ஊன் பெருக்கும் உடற்பிறவி, அரம்பையர் சூழ்ந்த வானுலகச் செல்வம், மதயானைக் கழுத்தின்மேல் வீற்றிருக்கும் இன்பம், மதி போன்ற வெண்குடைக்கீழ் மன்னர் மன்னனாய் இருத்தல் என்பன அவற்றுள் சில. இவை ஓர் அரசன் உண்மையிலே பெற்றிருந்தவையும், புண்ணியத்தால் மேலும் பெறக்கூடியவையும் ஆகும். யானைமேல் வீற்றிருந்தவர் புதராக நிற்க ஆசைப்படுகிறார். குடைநிழலில் அமர்ந்தவர் வெயிலில் ஓடும் ஆறாக ஆசைப்படுகிறார். ஆதலால் இத்திருமொழியில் துறக்கப்படுவது அறிவு என்பதைக் காட்டிலும், நான் ஆள்பவன் என்னும் ஸ்வாதந்த்ர்ய அபிமானமே என்று கொள்வதுதான் பாசுர அமைப்புக்குப் பொருந்தும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மலையில் வேண்டப்படுவன எல்லாம் மனிதரல்லாத வடிவங்களாயின், பொன்வட்டில் ஏந்துதல் மட்டும் மனிதப் பணியாக நடுவே நிற்பது எப்படி? அப்பாசுரத்தின் முற்பகுதியை நோக்கினால் இது தெளிவாகும். சிவனும் பிரமனும் இந்திரனும் நெருங்கி நின்றும் புகுதற்கரிய வாசல் அங்கே சொல்லப்படுகிறது. அவர்களுக்கே அரிதான வாசலில், வட்டில் ஏந்தும் அந்தரங்கப் பணியாளனாகவே ஒருவன் உட்புகமுடியும். ஆழ்வார் அதைக் கேட்டார். ஆனால் அதில் நிலைக்கவில்லை. அடுத்த பாசுரத்திலேயே வெளியே வந்து செண்பகமாய் நின்றார். திருவரங்கத்தில் பத்துப் பாசுரங்களில் விரிந்த மனிதப் பணி, திருமலையில் ஒரே பாசுரத்தில் வந்து ஒழிகிறது. நிலம் மாறியதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டா.

சிறகும் படியும்

பாசுரங்களுக்கிடையே உள்ள தொடர்ச்சியைப் பூர்வாசாரியர்கள் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். குருகுக்குச் சிறகு உண்டு. ஆகவே திருமலையை விட்டுப் பறந்துபோகவும் கூடும். ஆகையால் பிறந்த நீரை விட்டு அகலாத மீனாக ஆசைப்பட்டார் என்பது உரைவழி. இவ்வாறே சுனைநீர் வற்றுதலும், செண்பகத்தைப் பிறர் விரும்பிக் கொண்டுபோதலும், ஆறு கோடையில் வறண்டுபோதலும் அடுத்தடுத்த அச்சங்களாகக் காலக்ஷேபங்களில் சொல்லப்பட்டு வருகின்றன. முன்னையதில் தோன்றிய குறை பின்னையதில் தீர்கிறது. எம்பெருமானைப் பிரியாமையே குறிக்கோள் என்பதை இவ்விளக்கம் ஐயமின்றி நிலைநாட்டுகிறது. அதிசங்கை, அதாவது அன்பு மிக்கவிடத்துத் தோன்றும் அச்சம், இங்கே உயிர்நாடி.

இவ்வுரைவழிக்கு அரண் செய்யும் இடம் ஒன்று ஆழ்வாருடைய ஐந்தாம் திருமொழியிலேயே இருக்கிறது. கடல் நடுவே மரக்கலத்தின் கூம்பிலிருந்து எழுந்து, எங்கும் பறந்து கரை காணாது, மீண்டும் அக்கூம்பிலேயே வந்தமரும் பறவையாக ஆழ்வார் அங்கே தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அப்பறவைக்கும் சிறகு உண்டு, போக்கிடந்தான் இல்லை. கோனேரிக் குருகின் சிறகைக் கண்டு உரை அஞ்சியது. அநந்யகதித்வம் கைவந்தபின் சிறகிருந்தும் அஞ்சவேண்டியதில்லை என்பதை ஆழ்வார் தாமே அடுத்த திருமொழியில் தெளிவித்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அறிவும் இயக்கமும் குற்றமாவது அவை எம்பெருமானை விட்டு விலகக் காரணமாகும்போது மட்டுமே என்பது பெறப்படும். இயக்கமற்ற பொருளாவதே மேல் என்னும் முடிவுக்கு இடமில்லை.

மேலும், குறை தீர்க்கும் வரிசையோடு இடவரிசை ஒன்றும் இத்திருமொழியில் உண்டு. முதலில் கோனேரியும் சுனையும் ஆகிய நீர்நிலைகள். அடுத்து ஒருமுறை உட்புகுதல். பின்னர் வெளியே சோலை, புதர், சிகரம். சிகரத்திலிருந்து இறங்கிப் பாயும் ஆறு. அதன்பின் மலைமேற் செல்லும் வழி. வழி கொண்டுசேர்க்கும் திருவாசலின் படி. மலை முழுவதையும் ஒருமுறை சுற்றிவந்தவருடைய நடையே இது. ஏறிவரும் யாத்திரிகன் எதையெல்லாம் கண்டு வருவானோ, அதுவெல்லாமாகத் தாம் ஆகிப் பார்த்து, முடிவில் எல்லோரும் வந்து நிற்கும் வாசலில் ஆழ்வார் அமர்கிறார். திருமலை என்பது சந்நிதி மட்டுமன்று. நீரும் மரமும் கல்லும் வழியும் சேர்ந்த முழு நிலமே திருமலை என்பது இவ்வரிசையால் தேறும்.

படியாய்க் கிடக்கும் பாசுரம் இத்திருமொழிக்கு நடுநாயகம். மற்றப் பாசுரங்களில் எம்பெருமானைப் படர்க்கையில் கூறிவந்த ஆழ்வார், இங்கே வேங்கடவனை நேரே விளித்து முன்னிலையாக்கிக்கொள்கிறார். கேட்பது இரண்டு: அடியாரும் வானவரும் அரம்பையரும் மிதித்துச் செல்லும்படி கிடத்தல் ஒன்று, அவனுடைய பவளவாய் காணுதல் மற்றொன்று. கிடப்பது அசித்தின் தன்மை. காண்பது சேதனனின் தன்மை. அசித்தைப் போன்ற பாரதந்த்ர்யமும், சைதன்யத்தின் காரியமான காட்சியும் இங்கே ஒருங்கே சேர்ந்தன என்று நம் உரைமரபு எடுத்துக்காட்டும். அறிவொழிந்த கல்லாதலே எல்லை என்பவர்க்கு இவ்வொரு வினையே போதிய மறுப்பு. காண்கிற படி கல்லன்று.

இப்பாசுரத்தைத் திருவரங்கத் திருமொழிகளோடு ஒப்பிட்டால் மற்றோர் உண்மையும் வெளிப்படும். முதல் திருமொழி கண்கள் களிக்கும் நாளைக் கேட்டது. இரண்டாம் திருமொழி அடியார் திருவடித்தூளியைக் கேட்டது. படியானவனுக்கு இவ்விரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்கின்றன. மேலே அடியாரின் திருவடி. எதிரே எம்பெருமானின் திருவாய். திருவரங்கத்தில் இரண்டு திருமொழிகளில் தனித்தனியே வேண்டியதை, திருமலையில் ஒரே பாசுரத்தில் ஒரே வடிவில் ஆழ்வார் பெற்றுக்கொண்டார். முன்னே வேண்டாம் என்று விலக்கப்பட்ட அரம்பையர்களும் இங்கே வந்து, போகப் பொருளாகாமல், தம்மை மிதித்து உட்செல்லும் அடியவர் வரிசையில் நிற்கின்றனர் என்பதும் சுவைக்கத்தக்கது. ஆகவே இரு நிலங்களில் ஒன்று தாழ்ந்த படி, மற்றொன்று உயர்ந்த படி என்னும் தரப்பிரிவு நிற்கமாட்டாது. ஆற்றங்கரை ஆசையே மலையில் மலைக்குரிய வடிவம் கொண்டு நிறைவேறியது.

செண்பகப் பாசுரமும் இதற்குத் துணை. பாற்கடலில் கண்வளரும் மாயோனுடைய திருவடிகளைக் காண்பதற்காகவே அச்செண்பகம் மலையில் நிற்க விரும்புகிறது. பள்ளிகொண்டவனையே நின்ற கோலத்தில் காண விழையும் ஆசை அது. திருமொழியின் நிகமனப் பாசுரத்தில், வடவேங்கடத்தான் திருவடிகளைக் காண விரும்பி இறைஞ்சிச் சொன்னது இது என்று குலசேகரர் தாமே முடித்தருளினார். பத்துப் பாசுரங்களுக்கும் பொருள் சொல்லும் அதிகாரம் அவற்றைப் பாடியவருடைய நிகமனத்துக்கே முதலில் உண்டு.

ஏதேனும் என்னும் சொல்

ஆயின் பத்தாம் பாசுரம் என்ன ஆவது? பொன்மலைமேல் ஏதேனும் ஆவேன் என்று முடிந்த இடத்தில் பூர்வர்களின் இரண்டு நிர்வாகங்கள் வழங்கிவருகின்றன. அனந்தாழ்வான், திருவேங்கடமுடையான் தானாகவே ஆனாலும் ஆகலாம் என்றார். பட்டரோ, தானும் அறியவேண்டா, திருவேங்கடமுடையானும் அறியவேண்டா, கண்டவர்கள் கொண்டாடவும் வேண்டா, திருமலையில் உள்ள ஒரு பொருளாய் இருந்தால் அமையும் என்றருளினார். தானும் அறியவேண்டா என்ற பட்டர் வாக்கையே அறிவொழிவுக் கொள்கையினர் தமக்குத் துணையாகக் கொள்கின்றனர்.

இவ்விரு நிர்வாகங்களையும் அருளியவர்கள் எந்நிலத்தவர் என்பதைப் பார்த்தால் பொருள் விளங்கும். எம்பெருமானார் திருவரங்கத்தில் திருவாய்மொழிக் காலக்ஷேபம் சாதிக்கையில், திருமலையில் புஷ்ப கைங்கர்யம் செய்யப் போவார் உண்டோ என்று வினவியருள, குளிரும் காடும் நிறைந்த அம்மலைக்கு அஞ்சிப் பலரும் வாளாவிருக்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து புறப்பட்டார் என்பது பிரசித்தம். அங்கே நந்தவனம் அமைத்து ஏரியும் வெட்டினார். காவிரிக் கரையின் இதமான வாழ்வை விட்டு, மண் சுமந்து, மலையைத் தம் இல்லமாக்கிக்கொண்டவர் அவர். அம்மலையில் எதையும் அவர் வேறாகக் காணவில்லை. திருவேங்கடமுடையானும் அவருக்கு அம்மலையின் ஒரு பொருளே. அவன் நித்யவாசம் செய்யும் இடத்தில் அவனுக்குள்ள பிரியாமை தமக்கும் வேண்டும் என்பதே அவ்வாக்கின் உயிர். ஸ்வரூப ஐக்கியம் சொல்வதாக அதைக் கொள்வது ரசோக்தியை அறியாமையாகும்.

பட்டரோ திருவரங்கத்தில் பெரிய பெருமாள் அபிமான புத்திரராக வளர்ந்தவர். எம்பெருமானின் கடாக்ஷமும் அடியார்களின் கொண்டாட்டமும் அவருக்கு அன்றாட அனுபவம். அப்படிப்பட்டவர், அந்த அங்கீகாரம் எதையும் எதிர்பாராமல் இருத்தலையே மலைவாழ்வின் உயிராகக் கண்டார். அவர் விலக்கியது அறிவைப் பற்றிய அபிமானத்தை. அதாவது, நான் இங்கே இருக்கிறேன் என்று தன்னைத் தான் மெச்சிக்கொள்வதையும், பிறர் மெச்சவேண்டும் என்று காத்திருப்பதையும். முந்தைய பாசுரம் பவளவாய் காணும் பேற்றைச் சொன்னபின், இப்பாசுரத்திலும் எம்பெருமான் செம்பவள வாயனாகவே போற்றப்படுகிறான் என்பதை மறக்கலாகாது. கண்ட காட்சி ஆழ்வாரை விட்டு நீங்கவில்லை. அக்காட்சியில் தோய்ந்தவர்க்குத் தாம் எந்த வடிவில் இருக்கிறோம் என்னும் ஆராய்ச்சி மட்டும் நீங்கியது. ஆதலால் பட்டருடைய வாக்கு தேச ப்ராவண்யத்தின் எல்லையைச் சொல்வது. பிராப்ய லக்ஷணத்தைச் சொல்வதன்று. அதைப் பிராப்ய லக்ஷணமாக்கினால் படிப் பாசுரத்தோடும் நிகமனப் பாசுரத்தோடும் முரணும்.

அரவணையும் அரவ மலையும்

இரு நிலங்களையும் உள்ளே இணைக்கும் பொருள் ஒன்று உண்டு. திருவரங்கத்தில் எம்பெருமான் சாய்ந்தருளும் படுக்கை திருவனந்தாழ்வான். திருமலைக்குச் சேஷாத்ரி என்று திருநாமம். அத்திருவனந்தாழ்வானே மலையாய் நிற்கிறான் என்பது புராண வழக்கு. அவனே ஆற்றிடையில் மெத்தையாய்ச் சுருண்டும், வடக்கே மலையாய் நிமிர்ந்தும் தாங்குகிறான். எம்பெருமான் செல்லும்போது குடையாகவும், வீற்றிருக்கும்போது சிங்காசனமாகவும், நிற்கும்போது பாதுகையாகவும், மற்றும் பலவாகவும் இவ்வரவரசன் வடிவெடுக்கும் தன்மையை முதல் திருவந்தாதியில் பொய்கையாழ்வார் அருளிச்செய்தார். வேண்டிய இடத்தில் வேண்டிய வடிவெடுத்து ஊழியம் செய்தலே சேஷன் என்னும் பெயரின் பொருள். குலசேகரர் மலையில் ஏதேனும் ஆவேன் என்றது, அம்மலையாகவே நிற்கும் சேஷனுடைய இத்தன்மையைத் தமக்கும் வேண்டியதாகக் கொள்வது மிகப் பொருந்தும். குருகும் மீனும் படியும் சேஷவிருத்தியின் பல வடிவங்கள். திருவரங்கத்தில் கண்ணும் வாயும் கையும் தலையும் வேண்டியதும் அதே விருத்திதான். சேஷத்வம் ஒன்று, அது எடுக்கும் உருவத்தை நிலம் தீர்மானிக்கிறது.

திருப்பாணாழ்வாருக்கும் இவ்வனுபவம் உண்டு. காவிரியின் தென்கரையில் உறையூரில் அவதரித்த அவர், அமலனாதிபிரானில், மந்திகள் பாயும் வடமலையில் வானவர் தொழ நின்றவனையே அரங்கத்தில் அரவணையானாகக் கண்டார். அவர் ஆற்றங்கரையில் நின்று மலையைக் கண்டார். குலசேகரர் மலைப்படியில் கிடந்து ஆற்றங்கரை ஆசையைப் பெற்றார். பார்வையின் திசை மாறினும் பார்க்கப்படும் பொருள் ஒன்றே.

திருக்கோயில்களின் வழக்கும் இந்த வேறுபாட்டை அறிந்தே போற்றிவருகிறது. திருவரங்கத்தில் ஆழ்வார் திருநாமத்தால் குலசேகரன் திருச்சுற்று விளங்குகிறது. அடியார்கள் திரளாக வலம்வரும் வெளி அது. திருமலையில் கர்ப்பக்கிருகத்தின் முன்னுள்ள படி குலசேகரன் படி என்று வழங்குகிறது. ஆழ்வார் ஆற்றங்கரையில் கேட்டது கூட்டத்தின் நடுவே ஓர் இருப்பு. அங்கே அவருக்குச் சுற்று கிடைத்தது. மலையில் கேட்டது ஒரு கல்லின் இடமும் ஒரு காட்சியும். அங்கே படி கிடைத்தது. பாசுரத்தை உரையாசிரியர்கள் சொல்லால் காத்தது போலவே திருக்கோயில்கள் கல்லால் காத்தன.

14ஆம் நூற்றாண்டில் அந்நியப் படையெடுப்பால் திருவரங்கம் கலங்கியபோது, நம்பெருமாள் ஊர் ஊராக எழுந்தருளித் திருமலையில் நெடுநாள் தங்கியிருந்த செய்தியைக் கோயிலொழுகு கூறும். திருமலையிலுள்ள ரங்கநாயக மண்டபம் அதன் நினைவாக இன்றும் நிற்கிறது. அஞ்சனாத்ரியிலிருந்து அழகிய மணவாளனை எழுந்தருளப் பண்ணிச் செஞ்சியில் சிலகாலம் ஆராதித்து, சகம் 1293இல், அதாவது கி.பி. 1371இல், கோபணாரியர் மீண்டும் திருவரங்கத்தில் பிரதிஷ்டிப்பித்ததைத் திருவரங்கக் கல்வெட்டு அறிவிக்கிறது. காவிரியின் அலைகள் அடிவருடக் கண்வளரும் பெருமானுடைய உற்சவத் திருமேனி, குளிர்ந்த மலைச்சாரலில் விருந்தினனாக அன்றி, தன் வீட்டிலே இருப்பது போலவே எழுந்தருளியிருந்தது. அடியார்கள் அம்மண்டபத்துக்கு இட்டு வழங்கும் பெயரே அதற்குச் சாட்சி. ஆழ்வார் இரு நிலங்களிலும் வேண்டிய குடியிருப்பை எம்பெருமான் தானே ஒருகாலத்தில் குடியிருந்து காட்டியருளினான்.

ஆகவே நான்காம் திருமொழியை ஓதுவோர் முதலிரண்டு திருமொழிகளையும் உடன்கொண்டே ஓதவேண்டும். கண்ணீர்ச் சேற்றை முடியில் அணிந்தவரே படியாய்க் கிடந்தவர் என்பது நெஞ்சில் நிற்குமானால், அறிவொழிந்த கல்லைப் பேறாகக் கொள்ளும் மயக்கத்துக்கு இடமிராது. தாழ்ந்த நிலத்தில் அணுகியும், உயர்ந்த நிலத்தில் கிடந்தும், இரண்டிடத்தும் காண்கையே ஆழ்வாருடைய திருவுள்ளம்.